செட்டிங்ஸ்.டாமல்: சர்க்கிட்பைத்தான் போர்டில் அமைப்புகளை வைப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைஃபை பாஸ்வேர்டை நிரலுக்குள்ளேயே தட்டி வைத்துவிட்டு, ரூட்டர் மாறிய அன்று எந்த வரியில் எழுதினோம் என்று தேடியவர்களுக்காக இந்தப் பக்கம். நானும் அப்படித் தேடியவன்தான். சர்க்கிட்பைத்தான் (சின்னப் போர்டுகளுக்கான பைத்தான் மொழி) ஓடும் போர்டில், பாஸ்வேர்டு போன்ற அமைப்புகளை நிரலுக்கு வெளியே செட்டிங்ஸ்.டாமல் என்ற கோப்பில், என்விரான்மெண்ட் வேரியபிள் மாதிரி வைப்பது பற்றித்தான் பேச்சு. மாடித்தோட்டத்தில் மண் ஈரம் பார்க்க மூன்று மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள் (ஒரே சில்லில் அடங்கிய சின்னக் கணினிகள்) வைத்திருக்கிறேன். இரண்டு என் வீட்டில், ஒன்று வெளியூரில் அம்மா வீட்டில். கீழே வரும் கேள்விகளில் பாதி நண்பர்கள் கேட்டவை, மீதி நானே என்னைக் கேட்டுக்கொண்டவை.

ஒரு சிறு குறிப்பு. கட்டளைகள், கோப்புகளின் பெயர்களை இங்கே தமிழெழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். போர்டில் தட்டும்போது ஆங்கில எழுத்துதான். கோப்பின் பெயர் செட்டிங்ஸ், அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் டி-ஓ-எம்-எல். எல்லாம் சின்ன எழுத்து.

என்விரான்மெண்ட் வேரியபிள் என்பது லினக்ஸ், விண்டோஸ் சமாச்சாரம் ஆயிற்றே. மைக்ரோகண்ட்ரோலரில் அதற்கு என்ன வேலை?

நியாயமான கேள்வி. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. ஒரு நிரலைத் தொடங்கும்போது, அதைத் தொடங்குகிறவர் சில பெயர்களையும் மதிப்புகளையும் கையில் கொடுத்தனுப்புவார். நிரல் உள்ளே போனபின் அவற்றைக் கேட்டுக்கொள்ளும்.

மைக்ரோகண்ட்ரோலரில் அப்படிக் கொடுத்தனுப்ப ஆளே கிடையாது. ஷெல் (கட்டளை தட்டும் திரை) இல்லை, லாகின் இல்லை, பல நிரல்கள் அடுத்தடுத்து ஓடுவதும் இல்லை. மின்சாரம் வந்ததும் ஒரே நிரல் ஓடத் தொடங்கும், அவ்வளவுதான். ஆகவே இங்கே பெயர் மட்டும்தான் கடன் வாங்கியது. போர்டின் சேமிப்பகத்தில் ஒரு சிறிய கோப்பு இருக்கும். நிரல் அதைக் கேட்கிற முறை மட்டும் பெரிய கணினியில் கேட்பது மாதிரியே இருக்கும்.

நிரலிலேயே எழுதிவிட்டால் என்ன குறை?

ஒரே ஒரு போர்டு, அதுவும் உங்கள் மேசையை விட்டு நகராது என்றால் பெரிய குறை ஒன்றும் இல்லை. இரண்டாவது போர்டு வந்த உடனே தலைவலி ஆரம்பம். என் மூன்று போர்டுகளிலும் ஓடுவது ஒரே நிரல்தான். ஆனால் வைஃபை வேறு, போர்டின் பெயர் வேறு, சென்சாரின் உலர்ந்த அளவும் நனைந்த அளவும் வேறு. நிரலுக்குள் எழுதியிருந்தால் மூன்று பிரதிகள் ஆகும். ஒன்றில் பிழை திருத்திவிட்டு மற்ற இரண்டை மறப்போம். மறந்தேன்.

அடுத்தது, நிரலை நண்பருக்கு அனுப்பும்போது வீட்டு பாஸ்வேர்டும் கூடவே போவது.

இந்த வசதி எப்போது வந்தது?

சர்க்கிட்பைத்தான் என்பது மைக்ரோபைத்தானிலிருந்து கிளைத்து, அடாஃப்ரூட் நிறுவனம் 2017 முதல் வளர்த்துவரும் மொழி. அதன் எட்டாம் பதிப்பில், அதாவது 2023 தொடக்கத்தில், செட்டிங்ஸ்.டாமல் வந்தது. அதற்கு முன் சீக்ரெட்ஸ்.பிஒய் என்று ஒரு பைத்தான் கோப்பு வைத்து, அதில் ஒரு டிக்‌ஷனரி எழுதி, நிரலில் இம்போர்ட் செய்வோம். பழைய பாடங்களில் இன்னும் அதுதான் இருக்கும். அது இப்போதும் ஓடும். ஆனால் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் சின்டாக்ஸ் பிழை வந்து நிரலே நின்றுவிடும். அதோடு, அது நம் நிரலுக்கு மட்டுமே தெரிந்த கோப்பு. செட்டிங்ஸ்.டாமல் கோப்பை, நம் நிரல் தொடங்கும் முன்பே சர்க்கிட்பைத்தானும் தனக்காகப் படித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான்.

கோப்பின் உள்ளே எப்படி இருக்கும்?

வரிக்கு ஒன்று. இடப்பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் மதிப்பு. என் மொட்டைமாடி போர்டில் இருப்பது ஏறத்தாழ இப்படி:

சர்க்கிட்பை_வைஃபை_எஸ்எஸ்ஐடி = "மாடிவீடு"
சர்க்கிட்பை_வைஃபை_பாஸ்வேர்டு = "இங்கே பாஸ்வேர்டு"
போர்டு_பெயர் = "கத்தரித் தொட்டி"
சாயில்_ட்ரை = 51200
சாயில்_வெட் = 23800
டைம்சோன்_மினிட்ஸ் = 330

எஸ்எஸ்ஐடி என்பது வைஃபை வலையின் பெயர். சொற்கள் இரட்டை மேற்கோளுக்குள். முழு எண்களுக்கு மேற்கோள் வேண்டாம். ஹேஷ் குறி போட்டால் அதற்குப் பிறகு வருவது நமக்கான குறிப்பு. இடப்பக்கப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு தவிர வேறெதுவும் கூடாது.

பாஸ்வேர்டுக்குள்ளேயே இரட்டை மேற்கோளோ பின்சாய்வுக்கோடோ இருந்தால் அதற்கு முன் இன்னொரு பின்சாய்வுக்கோடு போட வேண்டும். அப்படிப்பட்ட பாஸ்வேர்டு வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் மேல் எனக்கு இரக்கம் உண்டு.

நிரலில் அதைப் படிப்பது எப்படி?

ஓஎஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, கெட்என்வ் என்ற ஃபங்ஷனிடம் பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும். பெயர் இல்லையென்றால் நன் என்ற வெற்று மதிப்பு வரும். இரண்டாவதாக ஒரு மதிப்பு கொடுத்து வைத்தால், பெயர் இல்லாதபோது அதைத் தரும்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பெரிய கணினிப் பைத்தானில் கெட்என்வ் எப்போதும் சரத்தைத்தான் (ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் தொடர்) தரும். இங்கே மேற்கோள் இல்லாமல் எழுதிய எண் எண்ணாகவே வரும். அங்கிருந்து நிரலைக் கொண்டுவரும்போது இது சில நேரம் உதவும், சில நேரம் காலை வாரும். இரண்டாவது, கெட்என்வ் கேட்கும்போது சேமிப்பகத்திலிருந்து கோப்பைப் படிக்க நேரலாம். ஓயாமல் சுற்றும் லூப்புக்குள் வைக்காதீர்கள். தொடக்கத்தில் ஒரு முறை வாங்கி ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டால் போதும்.

27.5 என்று எழுதினால் ஏற்க மறுக்கிறதே? ட்ரூ, ஃபால்ஸும் வேலை செய்யவில்லை.

இந்தப் பக்கத்திலேயே அதிகம் பேச வேண்டிய இடம் இது. டாமல் என்பது முழுமையான ஒரு கோப்பு வடிவம். அதில் தசமம், தேதி, பட்டியல், ட்ரூ, ஃபால்ஸ் எல்லாம் உண்டு. சர்க்கிட்பைத்தான் அதில் ஒரு கீற்றை மட்டும்தான் எடுத்துக்கொண்டது: சரம், முழு எண். சின்ன சில்லுக்குள் முழு டாமலையும் படிக்கும் நிரலை அடைப்பது வீண் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். சரியான முடிவுதான்.

தசமம் வேண்டுமென்றால் மேற்கோளுக்குள் சரமாக எழுதி, நிரலில் ஃப்ளோட்டாக மாற்றிக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் அலகை மாற்றிவிடுவேன். நம் நேரம் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி முன்னால். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அதேதான். 5.5 என்று எழுத முடியாது. நிமிடமாக 330 என்று எழுதிவிட்டு, நிரலில் 60-ஆல் வகுத்தால் தீர்ந்தது. முழு மணிக்கணக்கில் இருக்கும் ஊர்க்காரர்கள் எழுதிய பாடங்களில் இந்தச் சிக்கல் எட்டியே பார்த்திருக்காது.

ஆம், இல்லை என்பதற்கு 1, 0. மேற்கோள் போடாதீர்கள். மேற்கோளுக்குள் "0" என்றோ "ஃபால்ஸ்" என்றோ எழுதினால் அது வெற்றல்லாத சரம். பைத்தான் அதை உண்மை என்றுதான் எடுத்துக்கொள்ளும். அணைத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பொறி உண்டு. எண்ணின் முன்னால் பூஜ்யம் போட்டு மேற்கோள் இல்லாமல் எழுதினால், அதை எட்டடிமான எண்ணாக (பத்துப் பத்தாக இல்லாமல் எட்டெட்டாக எண்ணும் முறை) படிக்கும். 011 என்று எழுதினால் வருவது 9. நான்கு இலக்க பின் எண்ணாக 0417 என்று வைத்தால் நிரலுக்குக் கிடைப்பது 271. எந்தப் பிழைச் செய்தியும் வராது. பின் எண், கைபேசி எண், அஞ்சல் குறியீடு போன்றவை கூட்டிக் கழிக்கிற எண்களே இல்லை. அவை மேற்கோளுக்குள் இருக்கட்டும். ஆயிரத்துக்கு இடையில் அடிக்கோடு போட்டுப் பிரித்து எழுதுவதும் இங்கே செல்லாது.

எல்லாம் சரியாக எழுதினேன். ஆனாலும் நன் என்றே வருகிறது.

அம்மா வீட்டில் ரூட்டர் மாற்றிய அன்று அக்கா மகனுக்கு ஃபோன் போட்டேன். யூஎஸ்பி கேபிளில் மாட்டி, சர்க்கிட்பை என்ற டிரைவைத் திறந்து, கோப்பில் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். "கோப்பு பேரை எழுத்து எழுத்தா வாசிடா" என்றேன். "செட்டிங்ஸ் டாமல்தான் மாமா" என்றான். "அதுக்கு மேல மவுஸை வச்சு என்ன வகைன்னு பாரு" என்றேன். "டெக்ஸ்ட் டாக்குமெண்ட்னு இருக்கு மாமா."

அங்கேதான் கோளாறு. பழைய கோப்பை அழித்துவிட்டு நோட்பேடில் புதிதாக எழுதிச் சேமித்திருக்கிறான். நோட்பேடு வாலில் .டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிட்டது. விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டியது. கண்ணுக்கு ஒரு பெயர், போர்டுக்கு வேறொரு பெயர். எக்ஸ்ப்ளோரரில் கோப்பு நீட்சிகளைக் காட்டும் வசதியை முதலில் இயக்கிவிடுங்கள்.

அது இல்லையென்றால் அடுத்து மேற்கோள்குறிகளைப் பாருங்கள். வேர்டில் தட்டியதையோ ஏதோ வலைப்பக்கத்தில் இருந்ததையோ வெட்டி ஒட்டினால் நேரான மேற்கோளுக்குப் பதில் வளைந்த மேற்கோள் வரும். அதை இது ஏற்காது. அப்புறம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு. அப்புறம் கோப்பு இருக்கும் இடம்: டிரைவின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும், லிப் ஃபோல்டருக்குள் இல்லை. சதுர அடைப்புக்குறி போட்டுத் தலைப்பு பிரித்து அதன் கீழ் எழுதியிருந்தால் அவற்றையும் கெட்என்வ் எடுக்காது. ஒரே பெயரை இரண்டு முறை எழுதியிருந்தாலும் எச்சரிக்காது.

சர்க்கிட்பை என்று தொடங்கும் பெயர்கள் எதற்கு? நானே பெயர் வைக்கக் கூடாதா?

உங்கள் நிரலுக்கு வேண்டியதற்கு என்ன பெயரும் வைக்கலாம். சர்க்கிட்பை என்று தொடங்குபவை சர்க்கிட்பைத்தானே படிப்பவை. வைஃபை எஸ்எஸ்ஐடி, பாஸ்வேர்டு இரண்டையும் அந்தப் பெயரில் வைத்தால், உங்கள் நிரல் ஓடாவிட்டாலும் போர்டு தானாக வலையில் இணையும். கூடவே வெப் ஏபிஐ பாஸ்வேர்டு என்ற வரியையும் சேர்த்தால், அதே வலையிலிருக்கும் கணினியின் பிரவுசரிலிருந்து கோப்புகளைத் திருத்தலாம். யூஎஸ்பி டிரைவாகத் தெரியாத பழைய இஎஸ்பி32 (ஒரு வைஃபை சில்லு வகை) போர்டுகளுக்கு இது வரப்பிரசாதம்.

இன்னும் சில உண்டு. பைஸ்டேக் (ஃபங்ஷன்களை அழைக்க ஒதுக்கிய நினைவகம்) தீர்ந்துவிட்டது என்று பிழை வந்தால் அதன் அளவைக் கூட்டும் வரியை இங்கே எழுதலாம். எண் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். தேவை வராதவரை அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

தானாக இணைய வேண்டாம், பேட்டரி மிச்சமாக வேண்டும் என்றால் சர்க்கிட்பை என்ற முன்னொட்டை எடுத்துவிட்டு வெறும் வைஃபை_எஸ்எஸ்ஐடி என்று வையுங்கள். வேண்டும்போது நிரல் இணைந்துகொள்ளும். அம்மா வீட்டுப் போர்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பாஸ்வேர்டை மாற்றிச் சேமித்தேன். போர்டு இன்னும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். கோப்பைச் சேமித்ததும் உங்கள் நிரல் மட்டும்தான் மறுபடி ஓடும். தானாக இணைகிற வேலை போர்டு முழுதாகத் தொடங்கும்போது நடப்பது.

அப்படியும் வரவில்லையென்றால் ரூட்டரைப் பாருங்கள். பைக்கோ டபிள்யூ, இஎஸ்பி32-எஸ்3 போன்றவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். புது ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் இருந்தால் அதை எழுதிவிட்டுக் காத்திருந்து பயனில்லை.

வைஃபை பெயரைத் தமிழில் வைத்திருக்கிறேன். பிரச்சினை வருமா?

கோப்பு யூடிஎஃப்-8 என்பதால் எழுதலாம். ஆனால் எஸ்எஸ்ஐடியின் உச்சவரம்பு 32 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் கணக்கு. "தமிழ்" என்பதே 15 பைட். "செந்தமிழ்நாடு" 39 பைட், ரூட்டரிலேயே ஏறாது.

பாஸ்வேர்டு இந்தக் கோப்பில் பத்திரமாக இருக்குமா?

இருக்காது. சுவரில் மாட்டிய நாட்காட்டியில் எழுதி வைத்த மாதிரிதான். யூஎஸ்பி கேபிள் வைத்திருக்கும் யாரும் மாட்டித் திறந்து படிக்கலாம். பூட்.பிஒய் கோப்பில் (போர்டு தொடங்கும்போது முதலில் ஓடுவது) யூஎஸ்பி டிரைவை மறைத்துவிடலாம். ஆனாலும் சீரியல் வழியாக உள்ளே வந்து கோப்பைத் திறக்கலாம். அதையும் அடைத்தாலும், இஎஸ்பி32-இன் ஃபிளாஷ் (போர்டின் சேமிப்பகச் சில்லு) முழுவதையும் இஎஸ்பிடூல் என்ற கணினி நிரல் கொண்டு உருவி எடுக்க முடியும். பைக்கோவில் பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டு மாட்டி, பிக்கோடூல் வைத்து அதே வேலையைச் செய்யலாம்.

இந்தக் கோப்பு பாஸ்வேர்டை நிரலிலிருந்து பிரிக்கிறது. திருடனிடமிருந்து காப்பது அதன் வேலை இல்லை. ஆகவே வீட்டு முதன்மை வலையின் பாஸ்வேர்டைத் தோட்டத்தில் கிடக்கும் போர்டில் வைக்காதீர்கள். ரூட்டரில் விருந்தினர் வலை ஒன்றை இயக்கி அதைக் கொடுங்கள். மேகச் சேவைகளின் சாவிகளைப் போர்டுக்கு ஒன்றாக வாங்கிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு பெட்டி தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் ரத்து செய்துவிடலாம். விற்பனைக்குப் பொருள் செய்கிறவர்களுக்கு இது போதாது. ஃபிளாஷையே மறையாக்கம் செய்யும் வசதி, இஎஸ்பி32 தயாரிக்கும் எஸ்பிரெசிஃபின் நிரலாக்கக் கருவியான இஎஸ்பி-ஐடிஎஃப்பில் இருக்கிறது, அங்கே போக வேண்டும்.

திருட்டை விட அதிகம் நடப்பது வேறு. உதவி கேட்டுக் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுவோம். அதன் மூலையில் செட்டிங்ஸ்.டாமல் திறந்து கிடக்கும்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஏற்றும்போது?

எதை ஏற்றக் கூடாது என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் முதல் நாளே இதன் பெயரை எழுதிவிடுங்கள். கூடவே அதே பெயர்களோடு, மதிப்புகளைப் போலியாக இட்டு ஒரு மாதிரிக் கோப்பை ஏற்றி வையுங்கள். ஒரு முறை உண்மையானது ஏறிவிட்டால் அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றுவதுதான் வழி.

நிரலே இந்தக் கோப்பைத் திருத்த முடியுமா?

கணினியில் டிரைவாகத் தெரியும்போது முடியாது. ஒரே சேமிப்பகத்தில் கணினியும் போர்டும் ஒரே சமயம் எழுதினால் கோப்பமைப்பு குலைந்துவிடும் என்பதால், எழுதும் உரிமை ஒருவருக்குத்தான். பூட்.பிஒய்-இல் ரீமவுண்ட் செய்து (சேமிப்பகத்தை மறுபடி இணைத்து) உரிமையைப் போர்டுக்கு மாற்றலாம். ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் மட்டும் அப்படி என்று நிபந்தனை வைப்பது வழக்கம்; இல்லையென்றால் அடுத்த முறை நீங்களே உள்ளே எழுத முடியாமல் நிற்பீர்கள்.

எத்தனை முறை தண்ணீர் விட்டோம் என்பது போன்ற ஓயாமல் மாறும் எண்ணுக்கு இந்தக் கோப்பு இடமில்லை. அதற்கு மைக்ரோகண்ட்ரோலர் மாட்யூலில் என்விஎம் என்ற சிறு பைட் வரிசை இருக்கிறது. அதையும் நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதாதீர்கள், ஃபிளாஷ் தேயும்.

மைக்ரோபைத்தான், ஆர்டுயினோ ஆட்களுக்கு?

மைக்ரோபைத்தான் போர்டுகளில் இந்தக் கோப்பைத் தானாகப் படிக்கும் ஏற்பாடு இல்லை. கான்ஃபிக்.பிஒய் அல்லது ஜேசன் கோப்பு வைத்துப் படிப்பார்கள். அதில் தசமமும் பட்டியலும் தாராளமாக வைக்கலாம் என்பது ஒரு லாபம். ஆர்டுயினோவில் ஆர்டுயினோ_சீக்ரெட்ஸ்.ஹெச் என்று தனிக் கோப்பில் எழுதுவார்கள். அது நிரலோடு சேர்ந்து கம்பைல் ஆகிவிடும், பாஸ்வேர்டு மாறினால் மறுபடி ஏற்ற வேண்டும். இஎஸ்பி32 என்றால் ப்ரிஃபரன்சஸ் நூலகம் இருக்கிறது. பெயர் 15 எழுத்துக்கு மிகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எல்லா எண்களையும் இந்தக் கோப்புக்கே கொண்டுவந்துவிடலாமா?

வேண்டாம். ஆரம்ப உற்சாகத்தில் நானும் நாற்பது வரி எழுதினேன். இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: போர்டை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோனால் இது மாறுமா? வைஃபை மாறும். போர்டின் பெயர் மாறும். சென்சார் மாறினால் சாயில்_ட்ரை, சாயில்_வெட் மாறும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு சென்சார்களே எனக்கு ஒரே எண்ணைக் காட்டியதில்லை. இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது மாறாது, அது நிரலிலேயே இருக்கலாம்.

கோப்பு கெட்டுப்போனால்?

வெளியேற்றாமல் கேபிளைப் பிடுங்கினால் கெடும். கோப்பமைப்பை அழித்துப் புதுப்பிக்க நேர்ந்தால் எல்லாக் கோப்புகளோடு இதுவும் போகும். கிட்டிலும் இது இல்லை என்பதால் வேறெங்கும் பிரதி இருக்காது. என் கணினியில் கத்தரித் தொட்டி, வெண்டைத் தொட்டி, அம்மா வீடு என்று மூன்று ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் அந்தந்தப் போர்டின் கோப்பு. அம்மா வீட்டுக் கோப்பின் முதல் வரியில் ஹேஷ் குறி போட்டு, "நோட்பேடில் புதிதாக எழுதாதே, இதையே திருத்து" என்று அக்கா மகனுக்கு எழுதி வைத்திருக்கிறேன்.